'நைஸ்' என்று ஒரு வார்த்தை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் தான் எழுதிய கதை ஒன்றைக் கொடுத்து, படித்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாள். நான் படித்திருந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகவே படித்திருந்தேன். அந்தக் கதையைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு விஷயமும் இருந்தது. ஆனால் அன்றைக்கு நல்ல வெயில். ஒரு கலியாணத்துக்கு வேறு போக வேண்டியிருந்தது. காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நைஸா இருக்கும்மா. ரொம்ப நைஸ்" என்றேன்.

அவள் கட்டை வாங்கிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"எது சார் நைஸ்?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. "எல்லாந்தான்" என்று சொல்லி வைத்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கலியாணத்தில் பாயசம் சாப்பிடும்போதுகூட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எது நைஸ்? நைஸ் என்றால்தான் என்ன?

வீட்டுக்குத் திரும்பியதும் அகராதியை எடுத்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் மட்டுமே படித்தவன் நான். இங்கிலீஷ் இலக்கியத்தை முறையாகக் கற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அகராதியும் நாவல்களுந்தான் எனக்கு வாத்தியார்கள். அன்று அகராதியில் கண்டதும், அதைத் தொடர்ந்து மறுபடியும் எடுத்துப் படித்த ஒரு பழைய நாவலில் கண்டதுந்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். 'நைஸ்' என்பது இன்று இங்கிலீஷ் தெரியாத தமிழர்களுக்கும் தெரிந்த வார்த்தை. ஆனால் நம்மிடம் வந்து அது வேறு காரியங்கள் பார்க்கிறது. "மாவு இன்னும் நைஸாகலை, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வருகிறது. அங்கே நைஸ் என்றால் திப்பி இல்லாமல், விரலில் நெருடாமல் அரைபட்டது என்று அர்த்தம். "கடன் கேட்கிறவனைக் கண்டதும் நைஸாக நழுவிவிட்டான்" என்கிறோம். அங்கே அது சத்தமில்லாத சாமர்த்தியம். "நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்" என்றால் அந்த நைஸில் கொஞ்சம் வஞ்சகமும் சேர்ந்துவிடுகிறது. மாமனாரிடம் மாப்பிள்ளை 'நைஸ் பண்ணுகிறான்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஆக, மாவில் இருக்கிற வழவழப்புத்தான் மனிதனின் நடத்தைக்கும் ஏறியிருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. தமிழில் 'நைதல்' என்று ஒரு சொல் உண்டு. நைய அரைப்பது, நையப் புடைப்பது எல்லாம் அதிலிருந்து வருபவை. உடனே சில அன்பர்கள், இங்கிலீஷ் 'நைஸ்' நம் 'நை'யிலிருந்து கப்பலேறிப் போனது என்று எழுதப் புறப்பட்டுவிடக் கூடும். வேண்டாம். ஒலி ஒத்துப் போனால் உறவு ஆகிவிடாது. அதே இங்கிலீஷ் எழுத்துக்களை அப்படியே கொண்ட ஊர் ஒன்று பிரான்ஸின் தென்கரையில் இருக்கிறது. அதை 'நீஸ்' என்று உச்சரிக்கிறார்கள். அது கிரேக்கர்கள் குடியேறிய ஊர். வெற்றியைக் குறிக்கும் 'நைக்கே' என்ற கிரேக்கச் சொல்லின் அடியாக வந்தது அந்தப் பெயர். எழுத்து எழுத்தாக ஒத்திருந்தும் அந்த நீஸுக்கும் இந்த நைஸுக்கும் சொந்தமே கிடையாது. அப்படியிருக்க, பாதி ஒலி ஒத்துப் போனதற்கு நாம் உறவு கொண்டாடுவானேன்?

பிறகு இந்த நைஸ் எங்கிருந்துதான் வந்தது? லத்தீனிலிருந்து. லத்தீனில் 'ஸ்கிரே' என்றால் அறிதல். அதற்கு முன்னால் 'நெ' என்ற எதிர்மறையைச் சேர்த்தால் அறியாமை. 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து 'நைஸ்' என்ற எழுத்துருவத்தை அடைந்தபோது, அசடு, முட்டாள் என்று பொருள் கொண்டது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சு பேசுகிற பிரபுக்களோடு எத்தனையோ வார்த்தைகள் இங்கிலீஷுக்குள் வந்தன. இதுவும் அப்படி வந்ததுதான். 1300-ஐ ஒட்டிய காலத்தில் ஓர் இங்கிலீஷ்காரனைப் பார்த்து நீங்கள் நைஸ் என்று சொல்லியிருந்தால் அவன் சண்டைக்கு வந்திருப்பான்.

அந்த 'ஸ்கிரே'தான் 'ஸயன்ஸ்' என்ற சொல்லுக்கும் தாய் என்பது இதில் வேடிக்கை. ஸயன்ஸும் நைஸும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்று அறிவு, மற்றொன்று அறிவில்லாமை.

முட்டாள் என்ற வசை, நல்லது என்ற வாழ்த்தாக மாறியது ஒரே நாளில் நடந்ததல்ல. படிப்படியாக நடந்தது. முட்டாள் என்பதிலிருந்து கட்டுப்பாடு இல்லாதவன், ஒழுக்கத்தில் தளர்ந்தவன் என்று ஒரு கிளை போயிற்று. அலட்டிக்கொள்கிறவன், எதையும் எளிதில் ஏற்காமல் முகம் சுளிக்கிறவன் என்று மற்றொரு கிளை போயிற்று. இந்த இரண்டாவது கிளைதான் வேர் விட்டு நின்றது. எதையும் எளிதில் ஏற்காதவன் எதையும் கூர்ந்து பார்க்கிறவனாகவும் இருப்பான் அல்லவா? அப்படித்தான் கூர்மை, நுட்பம், துல்லியம் என்ற அர்த்தங்கள் இதற்கு வந்து சேர்ந்தன. இடையிலே சில விநோதங்களும் உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் இந்தச் சொல் அற்பமானது, பொருட்படுத்தத் தகாதது என்ற அர்த்தத்தில் வருகிறது. ஒரு சண்டைக்கான காரணம் எவ்வளவு அற்பமானது என்று சொல்ல ஒரு பாத்திரம் அதைப் பயன்படுத்துகிறது. இன்றைக்கு அதைப் படிக்கிற மாணவன், சண்டை எப்படி நைஸாக இருக்கும் என்று திகைத்துப் போவான்.

1755-ல் டாக்டர் ஜான்ஸன் தம் பெரிய அகராதியை வெளியிட்டார். அதில் இந்தச் சொல்லுக்கு முதலில் நிற்பது, மிக நுணுக்கமாக, சில சமயம் தேவைக்கு மேலேயே நுணுக்கமாகத் தரம் பார்ப்பது என்ற பொருள்தான். இன்றைக்கும் வக்கீல்களும் நீதிபதிகளும் இரண்டு விஷயங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று சொல்வதுண்டு. பழைய நைஸ் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் மாவரைக்கும் நைஸும் அதற்குப் பக்கத்து வீடுதான். இரண்டிலும் பொடிப்பொடியான நுண்மைதான் பொருள்.

இனிமையானது, சுகமானது, பிடித்தமானது என்று இன்று நாம் சொல்லுகிற அர்த்தம் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கியது. அது பரவியதும் மற்ற எல்லா அர்த்தங்களையும் மூலையில் உட்கார வைத்துவிட்டது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் பிரயாணம் செய்த சொல்லும் இங்கிலீஷில் உண்டு. 'ஸில்லி' என்பது இன்று அசட்டுத்தனத்துக்குப் பெயர். ஆனால் அதன் பூர்விகம் பாக்கியசாலி, தெய்வ அருள் பெற்றவன் என்பது. ஜெர்மன் மொழியில் அதன் சகோதரச் சொல்லான 'ஸேலிஷ்' இன்னும் அந்தப் பழைய கௌரவத்தோடுதான் இருக்கிறது. இங்கிலீஷில் அருள் பெற்றவன் களங்கமற்றவன் ஆனான். களங்கமற்றவன் இரக்கத்துக்குரியவன் ஆனான். இரக்கத்துக்குரியவன் பலவீனன் ஆனான். கடைசியில் அசடு ஆனான். ஏணியில் ஒருவன் ஏற, இன்னொருவன் இறங்கியிருக்கிறான். நடுவழியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் வாசகருக்கு இது புதிது அல்ல. பழைய இலக்கியத்தில் 'நாற்றம்' என்றால் நறுமணம். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். 'அருமை' என்றால் அரிதாகக் கிடைப்பது, கைகூடுவதற்குக் கடினமானது. இன்று தோசையும் அருமை, சினிமாவும் அருமை, கவிதையும் அருமை. எல்லாமே அரியவை என்றால் எளியது எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் அகராதியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவல் ஞாபகத்துக்கு வந்தது. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு நாவலில் விவாதமே நடக்கிறது என்றால் அது இதில்தான். அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு இரவுகளில் மறுபடியும் படித்து முடித்தேன்.

அந்த நாவலின் தலையெழுத்தே ஒரு கதை. ஜேன் ஆஸ்டின் அதைப் பெரும்பாலும் 1798, 1799-ஆம் வருஷங்களில் எழுதினார். 1803-ல் ஒரு பிரசுரகர்த்தர் பத்துப் பவுன் கொடுத்து அதை வாங்கினார். வாங்கியவர் அச்சுப் போடவில்லை. பெட்டியிலேயே வைத்திருந்தார். 1816-ல் அதே பத்துப் பவுனைக் கொடுத்துக் கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 1817 ஜூலையில் ஆசிரியை காலமானார். அந்த வருஷக் கடைசியில்தான், அவருடைய 'பர்ஸுவேஷன்' நாவலோடு சேர்ந்து அது வெளிவந்தது. தன் புத்தகத்தை அச்சில் பார்க்க அந்த அம்மாளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கதாநாயகி காதரின் மார்லண்ட் 17 வயதுப் பெண். கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் மகள். பெரிய அழகியும் இல்லை, மேதையும் இல்லை. பாழடைந்த கோட்டை, ரகசிய அறை, அடைத்து வைக்கப்பட்ட மனைவி என்று வருகிற பயங்கர நாவல்களை விழுந்து விழுந்து படிக்கிறவள். பாத் நகரத்துக்கு வந்த இடத்தில் ஹென்றி டில்னி என்ற இளைஞனும் அவன் தங்கை எலினாரும் அவளுக்குப் பழக்கமாகிறார்கள். மூன்று பேரும் ஒரு நாள் ஊருக்கு வெளியே குன்றுப்பக்கம் உலாவப் போகிறார்கள். பேச்சு நாவல்களைப் பற்றித் திரும்புகிறது. ஆன் ராட்கிளிஃப் 1794-ல் எழுதிய 'உடால்ஃபோவின் மர்மங்கள்' உலகத்திலேயே மிக நைஸான புத்தகம் என்று காதரின் சொல்லிவிடுகிறாள்.

ஹென்றி விடுவானா? நைஸ் என்றால் நேர்த்தி என்று வைத்துக்கொண்டு, அப்படியானால் அது பைண்டிங்கைப் பொறுத்த விஷயமாயிற்றே என்று மடக்குகிறான். தங்கை குறுக்கிட்டு, இவன் இப்படித்தான், என் பேச்சிலும் ஓயாமல் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருப்பான், வார்த்தையை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் வழி நெடுக ஜான்ஸனைக் கொண்டு நம்மை அடித்துப் போட்டுவிடுவான் என்று எச்சரிக்கிறாள். காதரின், தான் தவறாக ஒன்றும் சொல்ல நினைக்கவில்லை என்கிறாள். அது நைஸான புத்தகந்தானே, அப்படிச் சொன்னால் என்ன என்று கேட்கிறாள். ஹென்றி ஒப்புக்கொள்கிறான், கேலியோடு. இன்றைய நாளும் நைஸ், உலாவுவதும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ், எதற்கும் பொருந்துகிற வார்த்தை அல்லவா இது என்கிறான். முன்காலத்தில் நேர்த்தி, நுட்பம், நாகரிகம் என்பவற்றுக்கு மட்டுமே இருந்த சொல், இப்போது எல்லாப் பொருளுக்கும் எல்லாப் புகழுக்கும் ஒன்றாகிவிட்டது என்பது அவன் புகார்.

இதுவரைக்கும் படித்தவர்கள் ஹென்றியின் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். இங்கிலீஷ் இலக்கணம் பேசுகிறவர்கள் 200 வருஷமாக அவன் பக்கந்தான். நானும் முதல் தடவை படித்தபோது அவன் கட்சியில்தான் இருந்தேன். எழுத்தாளன் என்றால் சொல்லின் துல்லியத்துக்குக் கொடி பிடிக்க வேண்டாமா?

ஆனால் ஆஸ்டின் அந்தப் பேச்சை அங்கே முடிக்கவில்லை. தங்கை எலினாருக்குத்தான் கடைசி வார்த்தை. அந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதிலும் புகழ்ச்சி ஒன்றும் இல்லாமல் பொருந்தும் என்று அண்ணனைக் குத்துகிறாள். அதாவது பழைய அர்த்தத்திலேயே: அலட்டிக்கொள்கிறவன், புத்தியைவிட நுணுக்கம் அதிகமாக உள்ளவன். எந்தப் பழைய அர்த்தத்துக்கு அவன் வக்காலத்து வாங்கினானோ அந்த அர்த்தத்தைக் கொண்டே அவனைச் சாய்த்துவிடுகிறாள். அகராதியைக் காட்டிச் சண்டை போட்டவன் அகராதியாலேயே அடிபட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹென்றி எது ஆதி அர்த்தம் என்று நினைத்தானோ அது ஆதி அர்த்தம் அல்ல. இடையில் வந்த ஒன்று. ஆதிக்கே போனால் நைஸ் என்பதற்குப் பொருள் முட்டாள், அறியாதவன். சொற்களின் பரிசுத்தத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்களுக்கு எப்போதும் நேருகிற சங்கடம் இது. தம் தாத்தா காலத்து அர்த்தத்தை ஆதிகாலத்து அர்த்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். தாத்தாவுக்கும் ஒரு தாத்தா இருந்தார்.

அதே அத்தியாயத்தில், கொஞ்சம் தள்ளி, அண்ணனும் தங்கையும் இயற்கைக் காட்சிகளைச் சித்திரக்காரர் கண்ணோடு பார்த்துப் பேசுகிறார்கள். காதரினுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை, வெட்கப்படுகிறாள். அப்போது ஆசிரியை நடுவில் புகுந்து நம்மிடம் ஒன்று சொல்லுகிறார். பிறருக்குப் பிடித்தவராக இருக்க விரும்புகிறவர்கள் எப்போதும் அறியாதவர்களாக இருப்பதே நல்லது. அதிலும் ஒரு பெண்ணுக்கு ஏதாவது தெரிந்திருக்கிற துர்ப்பாக்கியம் நேர்ந்துவிட்டால், முடிந்தவரை அதை மறைத்துவிட வேண்டும். இதுதான் அவர் சொல்லுகிற கருத்து. சிரித்துக்கொண்டே சொல்லுகிறார். சிரிப்புக்கு அடியில் எவ்வளவு கசப்பு இருக்கிறது என்பதைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். நைஸ் என்ற சொல்லைப் பற்றிச் சண்டை போட்ட அதே அத்தியாயத்தில், அறியாமைதான் பெண்ணுக்கு அழகு என்று உலகம் நினைப்பதைப் பற்றிய இந்தப் பேச்சும் வருகிறது. அந்தச் சொல்லின் வேர் அறியாமை. ஆசிரியை இதை நினைத்துத்தான் வைத்தாரா என்று நான் கேட்கப் போவதில்லை. நினைத்து வைத்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் உலகம் ஒரு பெண்ணை நைஸ் என்று மெச்சும்போது, அந்த லத்தீன் வேர் மண்ணுக்குள்ளிருந்து கொஞ்சம் அசைவதாக எனக்குப் படுகிறது.

நாம் இதில் இங்கிலீஷ்காரர்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. பெண்ணுக்குரிய குணங்கள் என்று நம் முன்னோர் அடுக்கியவற்றில் மடமும் ஒன்று. தொல்காப்பியத்திலேயே அது இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் நம்மிடையே மிகவும் பழகிப்போனது, எல்லாம் தெரிந்திருந்தும் தெரியாதவள் போல இருப்பது என்பது. ஆஸ்டின் கேலியாகச் சொன்னதை நாம் இலக்கணமாகவே சொல்லி வைத்திருக்கிறோம். அவர் வாசகராக நம்மைப் போலப் பொருத்தமானவர் வேறு யாரும் இருக்க முடியாது.

1926-ல் ஃபௌலர் என்பவர் இங்கிலீஷ் வழக்குகளைப் பற்றிப் புகழ்பெற்ற ஓர் அகராதி எழுதினார். நைஸ் என்ற சொல் கெட்டுப் போனதற்குப் பெண்மணிகள் அதன்மேல் வைத்த அளவுகடந்த பிரியந்தான் காரணம் என்பது அவர் கட்சி. ஹென்றி டில்னி சொன்னதை நூறு வருஷத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொன்னார், அவ்வளவுதான். எலினார் சொன்ன பதில் ஃபௌலருக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது. தெரிந்ததை வெளியே காட்டாதே என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, பிறகு உன் பேச்சில் துல்லியம் இல்லையே என்று கோபித்துக்கொள்வது என்ன நியாயம்?

நாவலின் பிற்பகுதிக்கு வருகிறேன். காதரின், டில்னி குடும்பத்தின் வீடான நார்த்தாங்கர் அபேக்கு விருந்தாளியாகப் போகிறாள். ஹென்றியின் தகப்பனார் ஜெனரல் டில்னி மிகுந்த உபசாரம் செய்கிறார். ஆனால் அவர் இருக்கிற இடத்தில் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. காதரினுக்கு ஏதோ நெருடுகிறது. தான் படித்த பயங்கர நாவல்களின் பாஷைதான் அவளிடம் இருக்கிறது. ஆகவே இந்த மனிதர் தம் மனைவியைக் கொன்றிருக்க வேண்டும், அல்லது எங்கேயோ அடைத்து வைத்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறாள். ஹென்றிக்கு அது தெரிந்துவிடுகிறது. நாம் இங்கிலீஷ்காரர்கள், கிறிஸ்தவர்கள், சட்டம் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, இங்கே இப்படியெல்லாம் நடக்குமா என்று அறிவோடும் துல்லியத்தோடும் அவளைக் கண்டிக்கிறான். அவள் அழுதுகொண்டு ஓடுகிறாள்.

பிறகு என்ன நடக்கிறது? காதரின் பணக்காரி என்று எண்ணித்தான் ஜெனரல் அவளைக் கொண்டாடியிருக்கிறார். அப்படி இல்லை என்று தெரிந்ததும், விடியற்காலையில், துணைக்கு ஒரு வேலைக்காரன்கூட இல்லாமல், 70 மைல் தூரத்தில் உள்ள அவள் ஊருக்கு அவளைத் துரத்திவிடுகிறார். கையில் வழிச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்டுக் கொடுத்து உதவுகிறவள் எலினார்தான். கடைசியில் விஷயம் முழுவதும் தெரிந்தபோது காதரின் நினைக்கிறாள், ஜெனரலைக் கொலைகாரர் என்று சந்தேகித்ததில்கூடத் தான் அவருக்கு ரொம்பப் பெரிய அநியாயம் ஒன்றும் செய்துவிடவில்லை என்று.

இந்த இடத்தில்தான் நாவல் எனக்கு முழுசாகப் புரிந்தது. காதரினுடைய வார்த்தைகள் தவறு. நைஸ் என்பது தவறு, கொலை என்பதும் தவறு. ஆனால் அவள் உணர்ந்தது தவறல்ல. அந்த வீட்டில் ஒரு கொடுமை இருக்கிறது என்பதை அவள் உணர்ந்துவிட்டாள். அதற்குச் சரியான பெயர் அவளிடம் இல்லை, அவ்வளவுதான். ஹென்றியிடம் எல்லாவற்றுக்கும் சரியான பெயர் இருந்தது. தன் தகப்பனார் கோபக்காரர் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் ஒரு பெண்ணை இப்படி நடத்துவார் என்பது அவன் கணக்கில் வரவில்லை. அவனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். விஷயம் தெரிந்ததும் தகப்பனாரை எதிர்த்துக்கொண்டு அவளைத் தேடிப் போகிறான். துல்லியமாகப் பேசத் தெரிந்தவன் துல்லியமாக உணரவும் கற்றுக்கொள்கிறான் என்று சொல்லலாம்.

துல்லியமான சொல் வேண்டுமா, உண்மையான உணர்ச்சி வேண்டுமா என்று என்னைக் கேட்டால், எழுதுகிறவனுக்கு இரண்டும் வேண்டும் என்பேன். ஆனால் எது முதலில் என்று வற்புறுத்திக் கேட்டால் காதரின் பக்கந்தான் நிற்பேன். ஒன்றை ஆழ்ந்து படித்து, ரசித்து, அதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் நைஸ் என்று திணறுகிறவளை மன்னிக்கலாம். அவள் அந்தப் புத்தகத்தில் தன்னை மறந்து மூழ்கியவள். அந்த நைஸுக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது.

மன்னிக்க முடியாத நைஸ் ஒன்று உண்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னேனே, அது. எனக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று துல்லியமாகவே தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்ல அலுப்புப் பட்டுக்கொண்டு, கதவைச் சாத்துவதற்காக அந்த வார்த்தையைப் பயன்படுத்தினேன். தமிழில் சொல்லுகிற அர்த்தத்திலேயே, நைஸாக நழுவினேன்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. நான் எழுத ஆரம்பித்த காலத்தில், என் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவரிடம் வருஷத்துக்கு இரண்டு மூன்று கதைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "நன்றாயிருக்கிறது, எழுதுங்கள்" என்பார். எனக்கு ஆகாயத்தில் பறப்பது போலிருக்கும். மூன்று வருஷம் அதே மாதிரிக் கதைகளையே எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு அவருக்கும் எனக்கும் தெரிந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டேன், என் கதைகளில் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசுகிறது என்று அவர் முதல் கதையிலேயே கண்டிருந்தார் என்று. முகத்துக்கு நேரே சொன்னால் மனம் புண்படும் என்று விட்டுவிட்டாராம். மனசு புண்பட்டிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். போன மூன்று வருஷம் திரும்பி வரவில்லை. அவர் கெட்டவர் அல்ல. மிகவும் நல்லவர். நைஸான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

நம்முடைய புத்தக விமர்சனங்களைப் பார்க்கிறபோது எனக்கு அவர் ஞாபகந்தான் வருகிறது. அருமையான நாவல், சிறப்பான நடை, அனைவரும் படிக்க வேண்டிய நூல் என்று எழுதுகிறோம். பெயரை மாற்றிப் போட்டால் எந்தப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். திட்டி எழுதுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. குப்பை என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு நைஸ்தான். கொஞ்சம் காரம் போட்ட நைஸ். எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில், எது தன்னைத் தொட்டது, எது தவறிப் போயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரிக்காக எழுதியவன் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பான். உடனே அல்ல, கோபம் தணிந்த பிறகு.

விமர்சனத்துக்கு நான் கேட்கிற நைஸ், டாக்டர் ஜான்ஸன் அகராதியில் முதலாவதாக நிற்கிற நைஸ். மாவு அரைபடுகிற நைஸ். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இன்னும் நெருடுகிறது என்று சொல்லுகிற அந்தச் சமையற்கட்டுக் கறார்.

நாவலைப் படித்து முடித்த மறுநாள் அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் சொன்னால் மறுபடியும் நழுவிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம். அவள் கதையின் முடிவில் மருமகள் இரண்டு பக்கம் அழுகிறாள். அந்த அழுகை வேண்டியதில்லை என்று எழுதினேன். மூன்றாவது பக்கத்தில், விருந்தாளிகள் போன பிறகு மாமியார் வெள்ளித் தம்ளர்களை எண்ணி வைக்கிறாள். எண்ணி முடித்ததும் மருமகளின் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறாள். கதை அங்கேயே இருக்கிறது. இரண்டு பக்க அழுகையால் சொல்ல முடியாததை அந்தப் பார்வை சொல்லிவிட்டது என்று எழுதினேன். அந்த இடம் எனக்குப் பொறாமை உண்டாக்கியது என்பதையும் மறைக்கவில்லை.

நாலு நாள் கழித்துத் தெருமுனையில் எதிர்ப்பட்டாள். கடிதம் கிடைத்தது என்றாள். முகத்தில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

"அந்தக் கடைசி ரெண்டு பக்கத்தை எழுத எனக்கு ஒரு மாசம் ஆச்சு சார்" என்றாள்.

"தம்ளர் எண்ற இடத்துக்கு?"

கொஞ்சம் யோசித்தாள். "அது எழுதவே இல்லை சார். எங்க வீட்டிலே நடந்தது" என்றாள்.

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நேற்று அந்தக் கதையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அழுகை அரைப் பக்கமாகக் குறைந்திருக்கிறது. அந்த அரைப் பக்கமும் இன்னும் நெருடுகிறது. இன்று சாயங்காலம் போய்ச் சொல்ல வேண்டும்.